பெறுநர் யார்?

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் வாசலில் மனு எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மடக்கு மேஜை, வெள்ளைத்தாள் கட்டு, இரண்டு பேனா. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டுவிட்டு ‘ஐயா’ என்று ஆரம்பித்தால் அப்புறம் கை தானாக ஓடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வரப்புத் தகராறு எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சில வருடங்களுக்கு முன் அப்படியொரு மேஜையருகே நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். எழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: “யாருக்குன்னு போடட்டும்மா?”

அந்தப் பெண்ணின் கணவர் லிபியாவில் கட்டட வேலையில் இருந்தார். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்காமல் வேலையும் பார்க்க முடியாது, ஊருக்கும் வர முடியாது. “அங்க இருந்த எம்பசிய எடுத்துட்டாங்களாம்ணா. பக்கத்துல வேற நாட்டுல இருக்குதாம். எந்த நாடுன்னு அவருக்கே சரியாத் தெரியல.” எழுதுபவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெறுநருக்கு நேராக ‘உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்று எழுதினார். வேறென்ன செய்வார்? திரிபோலியில் சண்டை நெருங்கிய 2019-இல் இந்தியத் தூதரகம் காலி செய்யப்பட்டு, லிபியா வேலைகள் அண்டை நாடான துனிசியாவின் தலைநகர் துனிஸுக்குப் போயிருந்தன. மனு விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டுச் சென்னை, டெல்லி என்று சுற்றி அங்கே போய்ச் சேர வேண்டும். லிபியாவில் இருக்கும் மனிதரோ துனிஸுக்குப் போக எல்லை தாண்ட வேண்டும். எல்லை தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்கத்தான் போகிறார்.

இந்த வட்டம் நம் பக்கத்து ஜனங்களுக்கு விளங்காத விஷயமில்லை. தூதரகம் பக்கத்தில் இருந்தால் வாழ்க்கை எவ்வளவு லேசாகும் என்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பவர்கள் நாம். திண்டிவனத்திலிருந்தும் சரி, விழுப்புரத்திலிருந்தும் சரி, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரிக் கடற்கரையோரம் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுதிக்கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரை இன்றும் அந்த வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை நம் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்கள். சொல்தா வீட்டு அம்மாள் ஒருவர், பிளாஸ்டிக் கவரில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, உயிர்ச்சான்று விஷயமாகவோ பாஸ்போர்ட் விஷயமாகவோ காலை பஸ் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும், தன் அரசாங்கம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பஸ் டிக்கெட் விலை வரை தெரியும்.

தன் குடிமக்கள் தமிழ் பேசும் கிழவிகள் என்பதற்காகப் பிரான்சு அந்த அலுவலகத்தைச் சுருக்கிக்கொண்டு டெல்லிக்குப் போய்விடவில்லை. இதை நான் பிரான்சைப் புகழச் சொல்லவில்லை. காலனி வைத்திருந்தவர்களுக்கு அவரவர் கணக்கு. ஆனால் ஒரு அரசாங்க முத்திரைக்கும் அது தேவைப்படும் ஆளுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் இருக்கலாம் என்ற கேள்விக்கு இந்த நாற்பதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நம் ஆட்கள் வெளிநாட்டில் இந்தக் கேள்வியை முதன்முதலில் பெரிய அளவில் சந்தித்தது குவைத்தில். 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை உள்ளே நுழைந்தபோது அங்கே சுமார் 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். குவைத் இனித் தனி நாடில்லை, ஆகவே தூதரகங்கள் எதற்கு என்று, ஆகஸ்ட் 24-க்குள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது ஈராக். இந்தியத் தூதரகம் ஈராக்கின் பஸ்ராவுக்கு இடம் மாறியது. அப்போது நாமெல்லாம் தென்னார்க்காடு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். அந்த நாட்களில் குவைத்திலிருந்து திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். குண்டுச் சத்தத்துக்கு முன்பாக அவர்கள் சொல்வது பாஸ்போர்ட்டைத்தான். அது முதலாளியின் பெட்டகத்தில் இருந்தது, முதலாளியோ சவூதிக்கு ஓடிவிட்டார். கையில் காகிதமில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு யார் இந்தியர் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டியிருந்தது. குவைத்துக்குள் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அதிகாரிகள் அல்லர். மாத்துண்ணி மேத்யூஸ் போன்ற வணிகர்கள் கூடி ஒரு குழு அமைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களில் ஆட்களைத் தங்கவைத்தார்கள், பெயர்ப் பட்டியல் எழுதினார்கள், பஸ் பிடித்தார்கள். பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மானுக்குப் போய்ச் சேர்ந்தவர்களை 59 நாட்களில் 488 விமானங்களில் ஏர் இந்தியா கொண்டுவந்தது, 1,11,000-க்கும் மேற்பட்டவர்களை. அந்த எண்ணிக்கையை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். ஆனால் தூதரகம் இல்லாத இடத்தில் தூதரக வேலையைக் கடைக்காரர்கள் செய்த கதை அதற்குள் மறைந்துபோகிறது.

மீட்பு விமானத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை. ஏமன் அதற்கு நல்ல உதாரணம். 2015 ஏப்ரலில் ‘ஆபரேஷன் ராஹத்’ என்ற பெயரில் 4,600-க்கும் அதிகமான இந்தியர்களையும், கூடவே 41 நாடுகளைச் சேர்ந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரையும் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுவந்தோம். பிறகு சனாவில் இருந்த தூதரகம் பூட்டப்பட்டு, கடலுக்கு அந்தப்பக்கம் ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஜிபூட்டிக்குப் போயிற்று. இப்போது ஏமன் விவகாரங்களை ரியாத்தில் இருந்து பார்க்கிறார்கள். ஏமனில் தங்கிவிட்டவர்கள் இருந்தார்கள். முட்டாள்தனத்தால் தங்கியவர்கள் இல்லை. ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அடையவில்லை, சம்பள பாக்கி வரவில்லை, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். 2017 செப்டம்பரில் ஏமன் பயணத்துக்கே அரசு தடை போட்டது. மீறினால் பாஸ்போர்ட் முடக்கப்படும். அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரளச் செவிலியர் நிமிஷா பிரியாவின் தாயார், மகளைப் போய்ப் பார்ப்பதற்கே டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறி 2023 டிசம்பரில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கைதான அயல்நாட்டவர் தம் தூதரகத்தோடு பேசும் உரிமையை 1963-இன் வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு தருகிறது. பாகிஸ்தானில் கைதான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா உலக நீதிமன்றம் வரை போய் 2019-இல் அந்த உரிமையைத்தான் வென்றது. உரிமை இருக்கிறது, பேசுவதற்குத் தூதரகம் அந்த ஊரில் இல்லை என்றால் பிரிவு 36 காகிதத்தில் இருக்கும்.

தூதரகத்தை ஏன் மூடினீர்கள் என்று நான் கேட்கவில்லை. 2008 ஜூலை 7 அன்று காபூல் தூதரக வாசலில் வெடித்த குண்டில் இந்திய அதிகாரிகள் இருவர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குண்டு விழும் ஊரில் எழுத்தரையும் அதிகாரியையும் உட்கார்ந்திரு என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. 2022 மார்ச்சில் கீவிலிருந்து தூதரகத்தைப் போலந்துக்கு மாற்றியதும் சரிதான். இரண்டே மாதத்தில் மே மாதம் அது திரும்பவும் கீவுக்குப் போனது. அலுவலகத்தை எடுக்கலாம். அங்கே நடந்துகொண்டிருந்த வேலையை எங்கே வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதே என் கேள்வி.

அந்த வேலை என்ன என்பதை ஒரு கூலித் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தூதரகம் என்றதும் நமக்குக் கோட்டு சூட்டும் குடியரசு தின விருந்தும் நினைவுக்கு வருகின்றன. அவருக்கு அது ஒரு ரப்பர் ஸ்டாம்பு. பாஸ்போர்ட் தொலைந்தால் ஊர் திரும்ப வைக்கும் ‘அவுட் பாஸ்’. ஒருவர் இறந்துபோனால் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலைக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று தரும் கடிதம். அது வராமல் சவக்கிடங்கின் கதவு திறக்காது. அங்கே குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. தவறினால் மத்திய அரசின் தனி அனுமதிக்கு அலைய வேண்டும். தூதரகம் மூடிய நாட்டில் பிறந்த குழந்தைக்கும் அதே ஓராண்டுதான். பூட்டியிருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

நம் ஊருக்குள்ளும் இந்த முத்திரைக்கு வேலை உண்டு. அப்பா இறந்துவிட்டார், நாலு பிள்ளைகளில் ஒருவன் வெளிநாட்டில், பாகப்பிரிவினை நடக்க வேண்டும். ‘பவர்’ அனுப்பு என்கிறார்கள். பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் படித்தால், வெளிநாட்டில் எழுதப்படும் பவர் பத்திரத்துக்கு அங்குள்ள நோட்டரியோ நீதிபதியோ சான்றளித்தாலும் போதும், இந்தியத் தூதரக அதிகாரிதான் வேண்டும் என்று அதில் இல்லை. நடைமுறை அப்படியா? எங்கள் குடும்ப விஷயமாக ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்றபோது, “எம்பசி சீல் இல்லியே சார்” என்று தாளைத் திருப்பித் தந்தார்கள். சட்டப் புத்தகத்தைக் காட்டினேன். அதிகாரி மரியாதையாகப் படித்துப் பார்த்துவிட்டு, “எதுக்கும் சீலோட கொண்டாந்துடுங்க” என்றார். பத்திர எழுத்தர் வெளியே வந்து என்னை ஆறுதல்படுத்தினார். இதற்கிடையில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்: வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும்.

2005-இல் இந்தியா அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதிலுள்ள நாடுகளுக்கிடையே ஓடும் பொதுச் சான்றுகளுக்கு அந்தந்த நாட்டு அரசு ஒட்டும் ஒரே ஒட்டுச்சான்று போதும், தூதரக முத்திரை வேண்டாம். சவூதி 2022-இல் சேர்ந்துவிட்டது, சிங்கப்பூர் அதற்கு முந்தைய ஆண்டு. ஆனால் அமீரகமும் குவைத்தும் கத்தாரும் மலேசியாவும் நம் ஆட்கள் அதிகம் போகும் இடங்கள். அவை அதில் இல்லை. ஏமனும் லிபியாவும் இல்லை. ஆக, தூதரகம் மூடப்படும் வாய்ப்பு எங்கே அதிகமோ அங்கேதான் அதன் முத்திரைக்கு மாற்றும் இல்லை.

மூடுவதற்குப் போர் மட்டும் காரணமாக இருப்பதில்லை. இலங்கையின் கஜானா காலியானபோது, 2021 டிசம்பர் கடைசியில் நைஜீரியா, பிராங்பர்ட், சைப்ரஸ் அலுவலகங்களை அந்நாடு மூடியது. 2022 ஏப்ரலில் ஒஸ்லோ, பாக்தாத், சிட்னி. ஒஸ்லோ தூதரகத்தின் வேலை சுவீடனின் ஸ்டாக்ஹோமுக்குப் போனது. நோர்வேயில் யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் எத்தனையோ ஆயிரம். பிறப்புச் சான்றோ, காணி விஷயமாக அட்டர்னிப் பத்திரமோ வேண்டுமென்றால், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு தேசத்தின் தலைநகரம். அந்த அரசோடு அவர்களுக்கு இருக்கும் கசப்பு தனிக் கதை. கசப்பு இருந்தாலும் பாட்டனின் காணிக்கு முத்திரை அந்த அரசிடம்தான் வாங்க வேண்டும்.

சண்டை, காசு இரண்டும் இல்லாமல் வெறும் கோபத்துக்கும் கதவு சாத்தப்படும். 2023 அக்டோபரில் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் முட்டிக்கொண்டபோது 41 கனடா அதிகாரிகள் வெளியேறினார்கள். பெங்களூரு, மும்பை, சண்டிகர் துணைத் தூதரகங்களில் நேரில் போய்ச் செய்யும் வேலைகள் நின்றன. தென்னிந்தியாவில் இருந்த கனடாக் குடிமகனுக்கு டெல்லிதான் கதி என்றானது. அடுத்த ஆண்டு நவம்பரில் எதிர்ப்பக்கம்: பிராம்ப்டன் கோயிலில் நம் ஓய்வூதியர்களுக்காக நடந்த உயிர்ச்சான்று முகாமில் கலவரம், பாதுகாப்பில்லை என்று டொரண்டோ துணைத் தூதரகம் சில முகாம்களை ரத்து செய்தது. புதுச்சேரிக்கு பஸ் ஏறும் சொல்தா வீட்டம்மாளுக்கும் பிராம்ப்டனில் பனியில் நிற்கும் நம்மூர் ரிட்டயர்டு தலைமையாசிரியருக்கும் தேவைப்படுவது ஒரே காகிதம்: ‘இவர் உயிரோடு இருக்கிறார்.’

ஆனால் அந்த முகாம் என்ற யோசனையைக் கவனியுங்கள். குடிமகன் அலுவலகத்துக்கு வர முடியாவிட்டால் அலுவலகம் ஒரு பெட்டியில் முத்திரையைப் போட்டுக்கொண்டு கோயில் மண்டபத்துக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் போவது. இதை இந்தியா பல நாடுகளில் பல வருடங்களாகச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் அந்தந்தத் தூதரின் உற்சாகத்தைப் பொறுத்து நடக்கிறது. ஒரு தூதரகத்தை மூடும் உத்தரவிலேயே மூன்று விஷயம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று விதி செய்யலாம்: இனி எந்த அலுவலகம் பொறுப்பு, முதல் முகாம் எங்கே எந்தத் தேதியில், அந்த முகாமுக்கு வர முடியாதவரின் தாளை யார் வாங்கி அனுப்புவார். சண்டை நடக்கும் ஊரில் முகாம் முடியாது என்றால் எல்லைக்கு இந்தப்பக்கத்து ஊரில் வைக்கலாம்.

நாம் போக முடியாத இடத்தில் இன்னொருவரைப் போகச் சொல்வதற்கும் வழி இருக்கிறது. அதே வியன்னா உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, ஒரு நாட்டின் துணைத் தூதரகம் மூன்றாம் நாட்டுக்காகவும் வேலை செய்ய இடம் தருகிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1986 முதல் ஒருவர் இல்லாத ஊரில் மற்றவர் தூதரகத்தில் உதவி கேட்கலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன. தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டுத் தூதரகக் கதவையும் ஒன்றியக் குடிமகன் தட்டலாம். நமக்கே இது புதிதில்லை: 1971 போரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உறவை முறித்துக்கொண்டபோது இரு பக்கத்துக்கும் சுவிட்சர்லாந்து வேலை பார்த்தது. அரசு அரசோடு பேச ஆள் வைத்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, ஒரு கொத்தனாரின் பாஸ்போர்ட்டுக்கு ஆள் வைக்கத் தெரியாதா?

‘எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது’ என்பார்கள். 2015-இல் வந்த ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம் என்பது உண்மை. அதனால் பலனடைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆன்லைன் விண்ணப்பத்தின் கடைசிப் படியில் ‘அசலுடன் நேரில் வரவும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் பிரச்சினை. பத்தாம் வகுப்பு தாண்டாததால் குடிபெயர்வுச் சோதனை முத்திரை குத்தப்பட்ட பாஸ்போர்ட்டோடு போன ஆளுக்கு, ரேஷன் கார்டில் முருகன், பாஸ்போர்ட்டில் முருகேசன் என்று இருந்தால் எந்த இணையதளமும் உதவாது. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கையைச் சரிபார்க்கச் சான்றுகள் எல்லாம் இருப்பது இங்கே, நம் தாலுக்கா அலுவலகத்தில். வாரிசுச் சான்று, பிறப்புப் பதிவு, ‘இவர் மனைவி இவர்தான்’ என்ற கிராம நிர்வாக அலுவலரின் சொல், எல்லாம் இந்த ஊரிலிருந்து போகிறவை. தூதரகம் இல்லாத நாட்டில் மாட்டிக்கொண்டவரின் வழக்கில் பாதி வேலையை வெளியுறவு அமைச்சகத்துக்காகக் காத்திராமல் மாவட்டமே முடித்து வைக்க முடியும். தபால் நிலையங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்களை 2017 முதல் திறக்கிறார்கள். குடும்பத்தார் பக்கத்து அடையாளச் சரிபார்ப்பை அங்கே ஒரு மேஜையில் செய்யக் கூடாதா? தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கென ஒரு துறையும் வாரியமும் இருக்கின்றன. செஞ்சிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த நம் மாவட்டத்து மஸ்தான் அவர்களே 2021 முதல் 2024 வரை அந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தார். ஜனவரியில் சென்னையில் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள். பெரும் தொழிலதிபர்களும் கணினி வல்லுநர்களும் வருகிறார்கள், நல்லது. அந்தப் பந்தல் செலவில் ஒரு சிறு பங்கில், ஆள் அதிகம் வெளியே போகும் மாவட்டங்களின் ஆட்சியர் அலுவலகங்களில் ஓர் எழுத்தரை இதற்கென்று உட்காரவைக்க முடியும்.

எழுத்தர் கூடப் பிறகு வரட்டும். மரத்தடியில், மனு எழுதுபவர்களின் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகையை மாட்டினால் போதும். இந்தியத் தூதரகம் இப்போது இயங்காத நாடுகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பு எந்த ஊர், முகவரி, தொலைபேசி எண். மாதம் ஒருமுறை சாக்பீஸால் திருத்திவிடலாம். அந்தப் பெண்ணுக்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்து, ‘பெறுநர்’ என்பதற்குக் கீழே ‘இந்தியத் தூதரகம், துனிஸ்’ என்று எழுதியிருப்பார். நகலைத்தான் ஆட்சியருக்குப் போட்டிருப்பார்.